பழைய பேஸ் கிற்றாரின் வயதை எப்படி அறிவது?

ஹவுகன்ஸ்டுவாவில் இசை பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "அண்ணா, 1964ஆம் ஆண்டு ஃபெண்டர் பேஸ் எண்டு விளம்பரம் போட்டிருக்கு. உண்மையா? இந்த விலைக்கு வாங்கலாமா?" இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒரு பொருள் உண்மையானதா என்பது ஒன்று. அதன் பெறுமதி என்ன என்பது இன்னொன்று.

இளையராஜாவின் பாடல்களில் குரலுக்கு அடியில் தனி மெட்டாக ஓடும் தாழ்ந்த ஒலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதுதான் பேஸ் கிற்றார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரும்பாலான குழுக்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான் இருந்தது. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதன் பிறகு தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் பலர் நம்பினார்கள். ஆகவே 1965க்கு முந்திய கருவிகளின் விலை மிக உயர்ந்தது. 1966ஐ 1964 என்று காட்டினால் விற்பவருக்கு ஆதாயம். பொய் அங்கேதான் பிறக்கிறது.

வயதை எப்படிச் சரிபார்ப்பது? முதலில் எல்லோரும் பார்ப்பது கழுத்துத் தகட்டில் உள்ள தொடரிலக்கத்தை. ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள்தான். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தொழிற்சாலையிலும் தகடுகளை இலக்க வரிசைப்படி பூட்டவில்லை. அடுத்தது, கழுத்தைக் கழற்றினால் அதன் அடியில் தெரியும் திகதி. அது கழுத்துச் செய்யப்பட்ட காலத்தைச் சொல்லும். முழுக் கருவியும் பூட்டப்பட்ட நாளைச் சொல்லாது.

மூன்றாவது சாட்சி உள்ளே இருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழ் உள்ள மின்பாகத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 1376620 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். என்ற தயாரிப்பாளரின் குறியீடு. 66 என்பது 1966. 20 என்பது அந்த ஆண்டின் 20ஆவது வாரம். இந்தக் கருவி அந்த வாரத்துக்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதே ஆண்டில்தான் பூட்டினார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஃபெண்டர் 1966இல் இந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கி, பின்வந்த ஆண்டுகளிலும் பயன்படுத்தியது. அத்தோடு ஈயப்பற்று புதிதாக மினுங்கினால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

கல்வெட்டு ஆய்வாளரும் இப்படித்தான் வேலை செய்கிறார். கல்லில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருந்தாலும், எழுத்தின் வடிவம் அந்தக் காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால், பிற்காலத்தில் பிரதி எடுத்ததா, போலியா என்று விசாரிப்பார். என் கணினி வேலையிலும் ஒரே ஒரு பதிவை நம்பி முடிவு எடுப்பதில்லை. ஒன்றையொன்று சாராத சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும்.

இனிப் பெறுமதி. எல்லாப் பாகமும் உண்மையாக இருந்தாலும், மீண்டும் வர்ணம் பூசிய பழைய ஃபெண்டருக்குச் சந்தையில் ஏறத்தாழ அரைவாசி விலைதான் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இதே மாற்றம் ஒரு கருவியின் அடையாளமாகவும் ஆகலாம்.

பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு ஹொஃப்னர் பேஸை ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கினார். வயலின் வடிவம், இடக்கைக்காரருக்கானது. 1964 அளவில் அதற்கு மறுவர்ணம் பூசி, ஒலிவாங்கிகள் இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தினார்கள். 1972 ஒக்ரோபரில் லண்டனில் ஒரு வானில் இருந்து அது திருடப்பட்டது. 2023இல் சிலர் சேர்ந்து பொதுமக்களிடம் தகவல் கேட்டுத் தேடினார்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு வீட்டில் இருந்து அது வெளியே வந்தது. ஹொஃப்னர் நிறுவனம் பரிசோதித்து உறுதிப்படுத்திய பிறகு, 2024 பெப்ரவரியில் செய்தி அறிவிக்கப்பட்டது. பழைய படங்களில் தெரியும் அந்த மறுவர்ணமும் ஒற்றைச் சட்டமும் அதை மற்ற ஹொஃப்னர்களில் இருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள். வேறொரு கருவியில் விலையைக் குறைத்திருக்கும் மாற்றம், இங்கே உண்மையைச் சொல்லும் தழும்பு. காரணம், அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருந்தன.

ஆகவே கோடை விடுமுறையில் உழைத்த காசைக் கொடுக்க முன் கழுத்தடி, குமிழ்களின் உட்பக்கம், ஈயப்பற்று மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அமெரிக்காவில் இருந்து தருவிப்பதானால் விரற்பலகை என்ன மரம் என்றும் கேளுங்கள். 60களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்திய பிரேசில் ரோஸ்வுட், 1992 முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை கடத்த முடியாது.

வீட்டின் நிலக்கீழ் அறையில் உங்கள் அப்பாவின் அல்லது மாமாவின் பழைய வாத்தியம் இருந்தால், அதைத் துடைத்து மினுக்க வேண்டாம். எங்கே வாங்கியது, யார் வாசித்தது, எப்போது திருத்தியது என்று அவர்களிடம் இப்போதே கேட்டு, திகதியோடு எழுதி, படமும் எடுத்து உறைக்குள் வையுங்கள். சந்தை அதற்கு ஆயிரம் குரோணர்கூடத் தராமல் போகலாம். ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளை "இது உண்மையா?" என்று கேட்கும்போது, காட்டுவதற்குச் சாட்சி இருக்கும்.