ஆளில்லாத தீவுகளில் இரண்டு குறைந்த கதை

ஏரியும் வயலுமான கூரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் தீவைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். இது சுண்ணாம்பின் கதையும்கூட. சுண்ணாம்பு நமக்குத் தெரிந்த சமாச்சாரம்தானே.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை கரையோரமாக 21 தீவுகள். குருசடை, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று பெயர்களே அழகு. ஊர் என்று எதுவும் கிடையாது. சுற்றிலும் பவளப்பாறையும் கடல்புல்லும். அந்தப் புல்லை மேய்கிற பிராணிதான் கடற்பசு. ஆவுளியா என்பார்கள் மீனவர்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கறிக்காகவும் பிடித்தார்கள்.

1986-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவானது, 560 சதுர கிலோமீட்டர். அதற்குப் பிறகும் கடப்பாரை ஓயவில்லை. பவளப்பாறையைப் பெயர்த்துப் படகில் ஏற்றிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நம் பக்கத்தில் வீடு கட்டக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்தோமே, அதுபோல. ஆனால் கிளிஞ்சல் செத்த ஓடு. பவளப்பாறையோ அலையைத் தாங்கும் உயிருள்ள சுவர். சுவர் போனபின் மணல் எத்தனை நாள் நிற்கும்? தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. ஒரு கிராமம் மூழ்கியிருந்தால் தாலுகா ஆபீஸில் மனுவாவது கொடுத்திருப்பார்கள். அங்கே மனு கொடுக்க யார் இருந்தார்கள்?

2001-ல்தான் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. தேய்ந்துபோன வான் தீவைக் காக்க இப்போது கடலுக்குள் கான்கிரீட் தடுப்புகள் இறக்கியிருக்கிறார்கள். உடைத்த சுவருக்குப் பதில் சுவர்! 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர், கடற்பசுவுக்கென்றே நாட்டின் முதல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கிரேக்க நாட்டில் ஜியாரோஸ் என்றொரு தீவு. 1948-க்குப் பிறகு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த இடம். கைதிகள் போனபின் ஆளில்லாத அதன் குகைகளில் இன்று அரிய வகைக் கடல்நாய்கள் குட்டி போடுகின்றன. மனிதன் விலகியதும் பிராணி வந்துவிட்டது.

நம் தீவுகளில் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. கரையோரப் பெண்கள் காலங்காலமாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். பாறையைச் சூளைக்கு அனுப்பியவர்கள் அவர்கள் அல்ல. பூங்கா எல்லைக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்படுவது மட்டும் அவர்கள்தான்.