எச்-1 விசாவும் அமெரிக்க மருத்துவமனைகளும்

அமெரிக்காவில் வெளிநாட்டு மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், ஆய்வக வல்லுநர் போன்றோரை ஒரு மருத்துவமனை தன் பொறுப்பில் வரவழைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு வேலையில் வைத்துக்கொள்ள உதவும் விசாக்களில் தலையாயது எச்-1 வகை. இதற்கு மனுப் போடுவது மருத்துவமனைதான். எந்த ஊர், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதெல்லாம் அந்த மனுவிலேயே எழுதப்பட்டுவிடும். வேலை போனால் விசாவும் ஆட்டங்கண்டுவிடும். எச்-1பி என்றதும் பலருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கணினித் துறை தலையெடுப்பதற்கு வெகு முன்பிருந்தே இந்த விசாவின் விதிகளை இழுத்தும் வளைத்தும் வந்தவை மருத்துவமனைகள்.

இதன் வேர் 1952ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மெக்காரன்–வால்டர் சட்டம் என்று அறியப்படும் இது, அதிபர் ட்ரூமனின் வீட்டோவையும் மீறி நிறைவேறியது. சிறப்பான தகுதியும் திறமையும் கொண்ட வெளிநாட்டவர் தற்காலிகமாக வந்து பணியாற்ற எச்-1 பிரிவு ஏற்பட்டது. ஆனால் ஒரு சிக்கல். வருகிறவர் தற்காலிகமாக வந்தால் மட்டும் போதாது. அவர் பார்க்கும் வேலையும் தற்காலிகமானதாக இருக்க வேண்டும். வார்டில் நர்ஸ் வேலை என்றைக்குத் தற்காலிகமாக இருந்திருக்கிறது? மருத்துவமனைகள் வேறு வழி தேடின.

கைக்கு அகப்பட்டது பரிமாற்றத் திட்டம். 1948ஆம் ஆண்டின் ஸ்மித்–முண்ட் சட்டத்தின்கீழ் வந்த இந்தத் திட்டம் பனிப்போர்க் காலத்து நல்லெண்ண ஏற்பாடு. வெளிநாட்டவர் வந்து, கற்று, அமெரிக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசியபடி ஊர் திரும்ப வேண்டும் என்பது நோக்கம். பிலிப்பீன்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் செவிலியர் இதன்வழி வந்தார்கள். அமெரிக்கக் காலனி ஆட்சிக் காலத்தில் அங்கே தொடங்கிய நர்சிங் பள்ளிகளில் ஆங்கிலத்தில் அமெரிக்கப் பாடத்திட்டமே நடந்ததால், வந்திறங்கியதும் வேலையில் நிறுத்திவிடலாம். காகிதத்தில் அவர்கள் பயிற்சிக்கு வந்தவர்கள். நடைமுறையில் பலர் முழுநேர நர்ஸ்கள், கையில் கிடைத்ததோ வெறும் உதவித்தொகை. பயிற்சி முடிந்தவர்கள் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி 1956இல் வந்தது. பரிமாற்றத் திட்டத்துக்குரிய ஜே-1 விசாவில் போகும் மருத்துவர்களை அந்த விதி இன்றும் விடவில்லை.

1965ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் ஒன்றாக வேலை செய்தன. முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் எண்ணிக்கையை உயர்த்தின. அதே ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாடுவாரி இனப் பாகுபாட்டை நீக்கி, படித்த தொழில் வல்லுநர்களுக்கு முன்னுரிமை தந்தது. இந்திய மருத்துவர்கள் திரளாகப் போன காலம் அது. அதற்கான தகுதித் தேர்வை இந்தியாவுக்குள் எழுத முடியாதிருந்த ஆண்டுகளில் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய் எழுதிவந்தவர்கள் உண்டு.

திருப்பம் 1970 ஏப்ரலில் வந்தது. அப்போது வந்த சட்டத் திருத்தம் எச்-1 பிரிவிலிருந்து வேலை தற்காலிகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆள் தற்காலிகமாக இருந்தால் போதும். வேலை நிரந்தரமாக இருக்கலாம். பின்னால் வந்த எல்லா மாற்றங்களையும் இந்த ஒரு திருத்தத்தின் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம், கட்டில் பக்கத்தில் யாராவது நின்றால் சரி என்ற கணக்கு அன்று சட்டமானது.

மருத்துவர்களுக்கு அந்த வசதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1976 அக்டோபரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட மருத்துவக் கல்வி உதவிச் சட்டம், நாட்டில் இனி மருத்துவர் பற்றாக்குறை இல்லை என்றே அறிவித்தது. எச்-1இல் வரும் மருத்துவர் பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம், ஆனால் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்வது அவர் வேலையாக இருக்கக் கூடாது. பயிற்சிக்கு வர விரும்புவோருக்கு ஜே-1தான் வழி, தேர்வும் கடினமாக்கப்பட்டது. பற்றாக்குறை தீர்ந்தது என்று சட்டம் சொன்னதால் கிராமங்களுக்கும் பெருநகர ஏழைப் பகுதிகளுக்கும் மருத்துவர்கள் போய்விடவில்லை. அங்கே வெளிநாட்டில் படித்தவர்களே தொடர்ந்து வார்டுகளைக் கவனித்தார்கள்.

செவிலியர் கதை வேறு. அவர்களுக்கு எச்-1 திறந்தே இருந்தது. 1980களின் பிற்பகுதியில் தட்டுப்பாடு முற்றியபோது மருத்துவமனைகள் அதை முழுதாகப் பயன்படுத்தின. உச்ச காலவரம்பை எட்டிய நர்ஸ்கள் மூட்டை கட்ட வேண்டிய நிலை வந்தபோதுதான் வாஷிங்டன் விழித்தது. 1989 டிசம்பரில் நிறைவேறிய செவிலியர் நிவாரணச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஏற்கெனவே எச்-1இல் மூன்றாண்டு வேலை பார்த்தவர்கள் நிரந்தரவாசம் பெற வழி திறந்தது. புதிதாக வருவோருக்கு எச்-1ஏ என்று தனி விசா அமைத்தது. உள்ளூர்ச் செவிலியரை உருவாக்கவும் தக்கவைக்கவும் என்ன செய்கிறோம் என்று மருத்துவமனை தொழிலாளர் துறைக்கு உறுதிமொழி தர வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம் அது. 1995 செப்டம்பர் 1ஆம் தேதி காலாவதியானது. நீட்டிக்கக் காங்கிரஸ் முன்வரவில்லை.

இன்று எல்லோரும் அறிந்த எச்-1பி 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் குழந்தை. ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பு, ஆறாண்டுக் காலவரம்பு, குறைந்தது இளநிலைப் பட்டம் தேவைப்படும் சிறப்புத் தொழில் என்ற வரையறை ஆகியவை அதில் வந்தன. மறு ஆண்டின் திருத்தம் மருத்துவர்களை மீண்டும் நோயாளியின் அருகே அனுமதித்தது. ஆனால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்று படிகளையும் முடித்திருக்க வேண்டும். ஜே-1இல் போகிறவருக்கு மூன்றாம் படி முன்கூட்டியே தேவையில்லை என்பதால், மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சிக்கு முயல்வோர் எந்த விசா என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் படிக்கிறார்கள்.

விநோதம் என்னவென்றால், பற்றாக்குறை அதிகமிருந்த செவிலியர்தான் இதில் வெளியே நின்றார்கள். அமெரிக்காவில் இரண்டாண்டு நர்சிங் படிப்போடும் உரிமம் பெறலாம். ஆகவே சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை, ஆகவே அது சிறப்புத் தொழில் இல்லை. மேற்படிப்புத் தேவைப்படும் நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற சில பணிகள் மட்டுமே தேறின. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் போகிற இந்தியச் செவிலியருக்கும் இதே கதிதான், ஏனென்றால் சட்டம் பார்ப்பது விண்ணப்பதாரரின் படிப்பை மட்டுமல்ல, அந்த வேலைக்கு அது தேவையா என்பதையும்தான். அவர்களில் பெரும்பாலோர் நிரந்தரவாசத்துக்கான கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போகிறார்கள்.

எச்-1பி நடைமுறையை ஒரு மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையிலேயே பார்க்கலாம். மனுவுக்கு முன் தொழிலாளர் துறையில் ஒரு விண்ணப்பம் தாக்கலாக வேண்டும். அதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்கு அந்த மருத்துவமனை தரும் சம்பளம், அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதைத் தருவதாக உறுதி கூற வேண்டும். தொழிற்சங்கம் இல்லாத இடத்தில், வேலையின் பெயரும் சம்பளமும் அச்சிட்ட அறிவிப்பை ஊழியர் கண்ணில் படும்படி இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டி வைக்க வேண்டும். சாப்பாட்டு அறைச் சுவரில் விடுமுறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் தொங்கும் அந்தத் தாளில் ஆளின் பெயர் இருக்க வேண்டியதில்லை. விசாக் காலம் முடியுமுன் மருத்துவமனையே வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் பயணச் செலவும் அதன் தலையில்தான்.

எச்-1ஏ மறைந்த பின் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதி ஒரு தனிச் சட்டத்துக்குக் காரணமானது. அங்குள்ள செயின்ட் பெர்னார்டு மருத்துவமனைக்கு நர்ஸ் கிடைக்கவில்லை என்ற குறையை முன்னிறுத்தி, அத்தொகுதி உறுப்பினர் பாபி ரஷ் கொண்டுவந்த மசோதா 1999இல் சட்டமாகி எச்-1சி பிறந்தது. ஆண்டுக்கு 500 விசா. தகுதி பெற மருத்துவமனையில் 190 படுக்கையாவது இருக்க வேண்டும். மெடிகேர் பங்கு 35 விழுக்காட்டுக்கும் மெடிகெய்டு பங்கு 28 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. இத்தனை சல்லடையிலும் சலித்தபின் நாடு முழுவதும் தேறியவை 14 மருத்துவமனைகள். அந்த 500 இடங்கள் எந்த ஆண்டிலும் நிரம்பவில்லை. 2009 இறுதியில் திட்டம் அணைந்தது.

மருத்துவர் பக்கத்தில் நிலைத்து நின்ற ஏற்பாடு செனட்டர் கென்ட் கான்ராடின் பெயரால் வழங்குவது. நார்த் டகோட்டாவின் சிற்றூர்களுக்கு மருத்துவர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர் அவர். 1994இல் வந்த இத்திட்டப்படி, பயிற்சி முடித்த ஜே-1 மருத்துவர் மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்றாண்டு எச்-1பியில் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால், சொந்த நாட்டில் இரண்டாண்டு இருக்கும் விதி தளர்த்தப்படும். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 பேர் என்று தொடங்கி, 2002இல் 30 ஆனது. எச்-1பிக்கான ஆண்டு உச்சவரம்பு அவர்களுக்குக் கிடையாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், 1980களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் வேலை பார்த்த அனுபவத்தை ‘மை ஓன் கன்ட்ரி’ என்ற நூலாக எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பட்டதாரிகள் போகத் தயங்கிய ஊர்களை வெளிநாட்டு மருத்துவர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று அறிய விரும்புவோர் அதைப் படிக்கலாம்.

2000ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளை இரண்டு சாதியாகப் பிரித்தது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைக்கு உச்சவரம்பு இல்லை. எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். தனியார் கிளினிக்கும் பல்கலைக்கழகத் தொடர்பற்ற மருத்துவமனையும் சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு சேர்ந்து, உச்சவரம்புக்குட்பட்ட இடங்களுக்கான மார்ச் மாதக் குலுக்கலில் நிற்க வேண்டும். குலுக்கலில் விழுந்தாலும் வேலை தொடங்குவது அக்டோபர் 1ஆம் தேதி. பயிற்சி முடிவதோ ஜூன் இறுதியில். இடைப்பட்ட மூன்று மாதம் எங்கே நிற்பது என்பது பல இளம் மருத்துவர்களின் தலைவலி.

அதே சட்டம் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு ஆறாண்டுக்கு மேலும் எச்-1பியை நீட்டிக்க வழிசெய்தது. ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பால் இந்தியர் வரிசை மிக நீளம். ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே ஊரில் நோயாளிகளைப் பார்த்துவிட்டும் இன்னும் தற்காலிகப் பணியாளராகவே இருக்கும் மருத்துவர்கள் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது இதன் வலி வெளியே தெரிந்தது. மனுவில் குறித்த இடத்தைத் தாண்டிப் பக்கத்து மருத்துவமனைக்கு உதவப் போவதற்குக்கூட விதி இடித்தது. மருத்துவர் இறந்தால் மனைவி மக்களின் விசாவும் அவரோடு முடிந்துவிடும். பயன்படாமல் மிஞ்சிய குடியேற்ற விசாக்களில் 25,000ஐச் செவிலியருக்கும் 15,000ஐ மருத்துவர்களுக்கும் தரும் மசோதா அந்த ஆண்டு மே மாதம் வந்து, நிறைவேறாமலே போனது.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி அதிபர் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. உச்சவரம்பு விலக்குள்ள மருத்துவமனைகளும் இதற்குத் தப்பவில்லை. முதலாண்டு ரெசிடென்ட் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைவிட இந்தத் தொகை பெரிது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் 50க்கும் மேற்பட்ட மருத்துவ அமைப்புகளும் மருத்துவர்களுக்கு விலக்குக் கேட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதின. அக்டோபர் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் தாக்கலானது. ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து விசா வகையை மாற்றிக்கொள்வோருக்குக் கட்டணம் இல்லை என்று அதே மாதம் விளக்கம் வந்ததால் ஜே-1 வழியே போனவர்கள் மூச்சுவிட்டார்கள். பிரகடனத்தின் ஆயுள் 12 மாதம்; நீட்டிக்கவும் அதில் இடமுண்டு.