சீனாவில் மணப்பெண் கடத்தல்

பெண்ணைக் கடத்தி விற்பதும், வாங்கியவன் அவளை மனைவி என்று வைத்துக்கொள்வதும் சீனாவில் பலமுறை தடை செய்யப்பட்ட குற்றங்கள். ஏழை வீட்டுச் சிறுமியை விலைக்கு வாங்கி வளர்த்து, பின் மகனுக்கு மணமுடிக்கும் 'தோங்யாங்சி' வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. மக்கள் சீனம் 1950இல் இயற்றிய திருமணச் சட்டம் அதையும் கட்டாயத் திருமணத்தையும் விலக்கியது.

1978க்குப் பின் மக்கள் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கியதும் தரகர்கள் மீண்டும் தலைதூக்கினர். யுன்னான், சிச்சுவான், குயிசோ மாகாணப் பெண்களை வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போய் ஹெனான், அன்ஹுய், ஜியாங்சு கிராமங்களில் விற்றனர். தப்பியோடியவளை ஊரே கூடிப் பிடித்து ஒப்படைத்ததும் உண்டு. அந்த ஊரின் கண்ணுக்கு அவள் காசு கொடுத்து வாங்கிய உடைமை.

ஒற்றைக் குழந்தைக் கொள்கையும் ஆண்பிள்ளை ஆசையும் சேர்ந்து பெண்கருக்களை அழித்தன. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். 2004இல் சீனாவில் அது 121. உள்ளூரில் பெண் கிடைக்காமல் போகவே, தரகர்கள் வியட்நாம், லாவோஸ், மியான்மர், வட கொரியப் பெண்களைத் தேடிப் போனார்கள். மியான்மரின் கச்சின் மாநிலத்தில் 2011இல் மீண்டும் போர் மூண்டபின், அகதி முகாம்களில் வருமானமின்றித் தவித்த பெண்கள் எளிதில் சிக்கினர். குழந்தை பெற்றுக் கொடுத்தால், அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2019இல் பதிவு செய்தது.

கடத்துவோருக்கு 1983 முதல் மரண தண்டனை வரை விதிக்கலாம். வாங்குவோருக்கோ, குற்றவியல் சட்டத்தின் 241ஆம் பிரிவின்படி, உச்சத் தண்டனை 3 ஆண்டுதான். வாங்கிய பெண் ஊர் திரும்புவதைத் தடுக்காதவன் அதிலிருந்தும் தப்பலாம் என்ற விலக்கு 2015 வரை நீடித்தது. அரிய விலங்கொன்றை வாங்கினால் 10 ஆண்டுக்கு மேலும் சிறை கிடைக்கக்கூடிய நாட்டில், பெண்ணை வாங்கியவனுக்கு 3 ஆண்டுதான் என்பது கொடிய அநீதி.

ஜியாங்சுவின் ஃபெங் மாவட்டத்தில் 8 பிள்ளைகளின் தாய் ஒருவர் கழுத்தில் சங்கிலியுடன் நின்ற காணொளி 2022 ஜனவரியில் நாட்டையே கொதிக்க வைத்தது. கடத்தல் இல்லை என்று முதலில் மறுத்த அதிகாரிகள், மக்கள் விடாமல் கேட்டபின் அவர் யுன்னானிலிருந்து கடத்தி விற்கப்பட்டவர் என ஒப்புக்கொண்டனர். கணவன் எனப்பட்டவருக்கு 2023இல் 9 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அது கொடுமைப்படுத்தியதற்கும் அடைத்து வைத்ததற்கும் மட்டுமே. அப்பெண்ணை வாங்கியதற்குத் தண்டனை ஏதும் இல்லை.