பேறும் செலவும்

தமிழில் ‘பேறு’ என்ற சொல் பிள்ளைப்பேற்றையும் குறிக்கும், அடைதற்கரிய நன்மையையும் குறிக்கும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பேரேட்டில் அது வெறும் செலவு. அந்நாட்டின் மருத்துவச் சீர்திருத்த வரலாற்றை அதிபர்களின் பெயர்களை வரிசைப்படுத்திச் சொல்வதே வழக்கம். நான் அதைப் பேறுகாலத்தின் பக்கமிருந்து படிக்கிறேன்.

1915இல் தொழிலாளர் சட்டத்துக்கான அமெரிக்கச் சங்கம் ஒரு மாதிரி மசோதாவை உருவாக்கியது. மாதம் 100 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீடு. சந்தாவைத் தொழிலாளியும் முதலாளியும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும். காப்பீடு பெற்ற பெண்ணுக்கும், காப்பீடு பெற்ற ஆணின் மனைவிக்கும் பேறுகால மருத்துவம் உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எட்டு வாரம் பணமும் கிடைக்கும். கூடவே ஒரு சிறு வரி: ஈமச் செலவுக்கு 50 டாலர்.

அன்று தனியார் நிறுவனங்களிடம் மருத்துவக் காப்பீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு எதற்குப் பதறினார்கள்? அந்தச் சிறு வரிக்காகத்தான். புருடென்ஷியல், மெட்ரோபாலிட்டன் நிறுவனங்களின் முகவர்கள் வாரந்தோறும் தொழிலாளர் குடியிருப்புகளில் படியேறி ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று வசூலித்தார்கள். அநாதைப் பிணமாகப் புதைக்கப்படக் கூடாது என்ற பயம்தான் அவர்களுடைய மூலதனம். கதவைத் திறந்து அந்தக் காசைக் கொடுத்தவள் பெரும்பாலும் வீட்டுப் பெண், அடுப்படிச் செலவில் மிச்சம் பிடித்தவள். சாவுக்கான பணத்தை அரசே கொடுத்துவிட்டால் முகவருக்கு அந்த வாசலில் என்ன வேலை?

புருடென்ஷியலின் புள்ளியியலாளர் பிரடெரிக் ஹாஃப்மன் 1916இல் சங்கத்திலிருந்து விலகி, மசோதாவுக்கு எதிராக எழுதிக் குவித்தார். எதிர்ப்புக்கென்றே 1917இல் காப்பீட்டுப் பொருளாதாரக் கழகம் தோன்றியது. போர்க்காலம் வேறு. கட்டாயக் காப்பீடு ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு என்ற பிரச்சாரம் எடுபட்டது. 1918இல் கலிபோர்னியா வாக்காளர்கள் அதைத் தோற்கடித்தார்கள். 1919இல் நியூயார்க் மேலவை நிறைவேற்றிய மசோதா கீழவையில் முடக்கப்பட்டது.

பெண்கள் ஒரே அணியில் நிற்கவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சங்கத்தின் பாலின் நியூமன் மசோதாவுக்காக நின்றார். உழைக்கும் பெண்களுக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஃபுளோரன்ஸ் கெல்லியோ பேறுகாலப் பணத்தை எதிர்த்தார். மனைவியை வேலைக்கு அனுப்பிவிட்டுக் கணவன் சும்மா இருக்க அது வழிவிடும் என்பது அவர் கவலை. கணவனைத் திருத்துவதற்காக மனைவியின் கையிலிருப்பதைப் பறிக்கும் இந்த வாதம் நம் ஊரிலும் கேட்டதுதான்.

தொண்ணூறு ஆண்டுகள் கடந்து 2009க்கு வருவோம். இப்போது மருத்துவக் காப்பீடே பெருந்தொழில். தனியாகக் காப்பீடு வாங்கும் பெண்ணிடம் அதே வயது ஆணைவிடக் கூடுதல் சந்தா வாங்குவது பல மாநிலங்களில் சட்டப்படி சரி. அப்படி வாங்கியும் பெரும்பாலான திட்டங்களில் பிரசவச் செலவு சேர்த்தியில்லை. கருவுற்றிருப்பதே விண்ணப்பத்தை மறுக்கப் போதுமான ‘முன்பே உள்ள நோய்’. செனட் நிதிக் குழுவில் ஜான் கைல், தனக்குப் பேறுகால மருத்துவம் தேவையில்லை, அதைச் சேர்த்தால் சந்தாதான் ஏறும் என்றார். உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டிருக்குமே என்று மடக்கினார் டெபி ஸ்டாபினோ.

காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு இம்முறை நேரடியாக மல்லுக்கு நிற்கவில்லை. எல்லோரும் காப்பீடு வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் வந்தால் பாகுபாட்டைக் கைவிடுகிறோம் என்று பேரம் பேசியது. அதே ஆண்டில் சீர்திருத்தத்தை எதிர்த்து விளம்பரம் செய்த அமெரிக்க வர்த்தக சபைக்கு 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அது அடுத்த ஆண்டுதான் வெளியே தெரிந்தது.

2010இல் சட்டம் நிறைவேறியது. 2014 முதல் பெண் என்பதற்காகக் கூடுதல் சந்தா கேட்க முடியாது. தனிநபர் திட்டங்களிலும் பேறுகால மருத்துவம் கட்டாயம். அந்த விதிக்குக் கட்டுப்படாத ‘குறுகிய காலத் திட்டங்கள்’ சில விடப்பட்டிருந்தன. 2018இல் டிரம்ப் அரசு மூன்று மாதத்துக்குள் இருந்த அவற்றின் கால வரம்பை ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக நீட்டியது. மலிவு என்று விற்கப்பட்ட அவற்றில் பிரசவம் மறுபடியும் விடுபட்டுப் போனது.