அறுவடை இயந்திரக் கத்தியும் அதைச் செப்பனிடும் கைக்கருவிகளும்

நெல், கோதுமை, தீவனப் புல் முதலியவற்றை அறுக்கும் இயந்திரங்களில் தாளை உண்மையில் வெட்டும் உறுப்பு, இடமும் வலமுமாக விரைந்து ஓடும் ஒரு நீண்ட கத்தியாகும். முக்கோணப் பற்கள் வரிசையாகப் பொருத்தப்பட்ட இக்கத்தியின் அடிப்படை அமைப்பு 1830களில் உருவானது. இன்றைய அறுவடை இயந்திரங்களிலும் அதே அமைப்பைக் காணலாம். இக்கத்தியைச் செப்பனிடுவதற்கென்றே சுத்தியல், பஞ்ச், ரிவெட் அச்சு, சாணைச் சக்கரம், அரம், ஸ்பேனர் ஆகியவை கொண்ட ஒரு சிறு கருவித் தொகுதி வளர்ந்தது.

அறுவடை இயந்திர வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைக் கொண்டே சொல்லப்படுகிறது. ஆனால், முற்றிய பயிர் காத்திருக்காது. கோதுமை உதிரும், சாய்ந்த நெல் மழையில் முளைத்துவிடும். அந்த நேரத்தில் கத்தி உடைந்து இயந்திரம் நின்றால், அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதே உழவருக்கு முதற்கேள்வி. வரப்பில் அமர்ந்தே உழவர் அதைச் சரிசெய்ய முடிந்தது இயந்திரம் அவரிடம் நிலைத்ததற்கு ஒரு முதன்மைக் காரணம். அந்த வசதி எப்படி வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரிவாள் காலத்துச் செப்பம்

கையால் அறுத்த காலத்தில் கருவியைக் கூராக வைத்திருக்க இரண்டு வழிகள் இருந்தன. வழவழப்பான விளிம்புள்ள அரிவாளை அடிக்கடி கல்லில் தீட்ட வேண்டும். பல்வெட்டுள்ள கருக்கரிவாளை அவ்வாறு தீட்டுவதில்லை. அது இரம்பம் போலத் தாளை அறுப்பதால் நெடுநாள் உழைக்கும். கருக்கு மழுங்கியதும் கொல்லர் அதை உலையில் காய்ச்சி மென்மையாக்கி, உளியால் புதிய பற்களை வெட்டி, மீண்டும் தோய்ச்சல் கொடுத்து உரமேற்றுவார். தமிழகச் சிற்றூர்களில் இதற்கான கூலியை அறுவடைக் களத்தில் நெல்லாகவே அளக்கும் வழக்கம் இருந்தது.

ஐரோப்பாவில் நின்றுகொண்டு இரு கைகளாலும் வீசி அறுக்கும் நீள்பிடி அரிவாள் பரவலாக இருந்தது. ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் அதன் விளிம்பைச் சிறு பட்டடையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி மெலிதாக்குவர். பிறகு வயலில் ஈரமான தீட்டுக்கல்லால் கூராக்கிக்கொள்வர். கல்லை வைக்க நீர் ஊற்றிய மாட்டுக்கொம்பு ஒன்று இடுப்பில் தொங்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரிவாளின் எஃகு கடினமாக இருந்ததால், அதைத் தட்டாமல் சுழலும் சாணைக்கல்லில் பிடிப்பதே வழக்கம். எஃகின் தன்மையே செப்பனிடும் கருவியைத் தீர்மானித்தது என்பதை இங்கே கவனிக்கலாம். இயந்திரக் கத்தியிலும் இந்த விதி தொடர்ந்தது.

இயந்திரக் கத்தியின் பிறப்பு

ஸ்காட்லாந்தில் சமயப் பணிக்காகப் படித்துக்கொண்டிருந்த பேட்ரிக் பெல் 1828ஆம் ஆண்டு ஓர் அறுவடை இயந்திரத்தை வயலில் ஓட்டிக் காட்டினார். அதில் கத்தரிக்கோல் போன்ற அலகுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் 1831இல் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, 1834இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தொடக்க இயந்திரத்தின் கத்தி, விளிம்பில் பல்வெட்டு கொண்ட ஒரே நீளத் தகடு. நம் கருக்கரிவாளை நிமிர்த்தி நீட்டியதுபோல அதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஓபெட் ஹஸ்ஸி என்பவர் 1833 டிசம்பர் 31இல், அதாவது மெக்கார்மிக்குக்குச் சில மாதங்கள் முன்பே, காப்புரிமை பெற்றார். அவர் கத்தியை ஒரே தகடாகச் செய்யவில்லை. தட்டையான இரும்புப் பட்டை ஒன்றின்மேல் முக்கோணத் தகடுகளைத் தனித்தனியே ரிவெட் (தறையாணி) அடித்துப் பொருத்தினார். அந்தப் பற்கள், முன்னே நீண்டிருக்கும் இரும்பு விரல்களின் பிளவுக்குள் ஓடின. 1847இல் விரல்களின் அமைப்பைத் திருத்தி, உள்ளே சிக்கும் துரும்பு வெளியேற வழிசெய்து இன்னொரு காப்புரிமையும் பெற்றார்.

1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் மெக்கார்மிக்கின் இயந்திரம் உயரிய பதக்கம் பெற்று உலகப் புகழ் அடைந்தது. வணிகத்திலும் அவரே வென்றார். ஆனால், பின்வந்த அறுவடை இயந்திரங்களிலும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் நிலைத்தது ஹஸ்ஸியின் முக்கோணப் பல் அமைப்புதான்.

செப்பனிடுவோரின் நிலையிலிருந்து பார்த்தால் இதன் பயன் தெளிவாகும். ஒரே தகடாகச் செய்த கத்தி கல்லில் மோதி ஓரிடத்தில் உடைந்தால் முழுக் கத்தியையும் கழற்றி உலைக்குக் கொண்டுபோக வேண்டும். தனித்தனிப் பற்கள் கொண்ட கத்தியில் உடைந்த பல்லை மட்டும் மாற்றினால் போதும்.

பல், பட்டை, விரல்

அமெரிக்க, ஐரோப்பிய இயந்திரங்களில் பல்லின் அகலம் பெரும்பாலும் 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 76 மில்லிமீட்டர் என்று நிலைபெற்றது. 5 அடி நீளக் கத்தியில் ஏறத்தாழ 20 பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லின் அடியிலும் ரிவெட்டுக்காக இரண்டு துளைகள் உண்டு. விரலின் பிளவுக்குள் கடினமான எஃகுத் தகடு ஒன்று இருக்கும். பல் ஓடிவந்து அத்தகட்டின் விளிம்பைக் கடக்கும்போது இடையில் அகப்பட்ட தாள் அறுபடுகிறது. கத்தரிக்கோலின் ஓர் அலகு அசையாமல் நிற்க, மற்றொன்று மட்டும் ஓடுவது போன்றது இது.

பல் கடினமான எஃகால் ஆனது. கூர் நிற்க அது தேவை. கடினமாக இருப்பதால் கல்லில் மோதினால் வளையாமல் உடையும். ரிவெட் மென்மையான இரும்பு. ஆகவே சில அடிகளில் அறுபடும், சில அடிகளில் தலை பரவிப் பிடிக்கும். கடினமானது உடைந்தால், மென்மையானதை வெட்டி அதை எடுத்துவிடலாம். கைக்கருவிகளைக் கொண்டு இக்கத்தியைச் செப்பனிட முடிவது இந்த வேறுபாட்டால்தான்.

பல் மாற்றும் கருவிகள்

பழுதான பல்லை எடுக்க மிகப் பழைய முறையே இன்றும் வழக்கில் உள்ளது. கத்தியை வெளியே உருவி, பல் கீழ்நோக்கித் தொங்குமாறு பட்டையை வைஸின் இரு தாடைகள் மேல் நிறுத்துவர். பட்டைக்குப் பின்னால் பல்லின் அடிவிளிம்பு சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கனமான சுத்தியலால் ஓங்கி அடித்தால் இரு ரிவெட்டுகளும் அறுபட்டுப் பல் கீழே விழும். துளையில் எஞ்சிய ரிவெட் துண்டைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியேற்றுவர்.

புதிய பல்லைப் பொருத்த, ரிவெட்டின் தலையைப் பட்டடைமேல் வைத்து, அதன்மேல் பட்டையையும் பல்லையும் அமர்த்துவர். இங்கே பயன்படும் ரிவெட் அச்சு என்பது ஒரு முனையில் துளையும் அருகில் கிண்ணம் போன்ற குழியும் உள்ள எஃகுத் துண்டு. துளையை ரிவெட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினால் பல் பட்டையோடு இறுகும். பிறகு ரிவெட்டின் நுனியைச் சுத்தியலால் பரப்பி, குழியை வைத்து அடித்தால் தலை உருண்டு அமையும். இறுக்காமல் தலையடித்தால் பல் ஆடும். ஆடும் பல் துளையைப் பெரிதாக்கிப் பட்டையையே கெடுத்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்த வேலைகளை ஒன்றாக்கிய தனிக்கருவிகள் அமெரிக்கச் சந்தையில் வந்துவிட்டன. வளைந்த இரும்புச் சட்டத்தில் திருகோ நெம்புகோலோ பொருத்தியவை அவை. ஒரு முனையை மாட்டினால் பழைய ரிவெட்டைத் தள்ளும். மற்றொரு முனையை மாட்டினால் புதிய ரிவெட்டின் தலையை அழுத்தும். இவற்றைக் கொண்டு வைஸும் பட்டடையும் இல்லாமல் வயலில் நின்றே வேலையை முடிக்கலாம்.

சாணை பிடித்தல்

பற்களிலும் இரு வகை உண்டு. புல்லுக்கு வழவழப்பான விளிம்பு ஏற்றது; அதை அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். முற்றிய கதிர்த் தாளுக்குக் கருக்கு வெட்டிய விளிம்பு ஏற்றது. அதற்குச் சாணை தேவையில்லை, தேய்ந்ததும் மாற்றிவிடுவர். அரிவாளில் கண்ட அதே பிரிவு இயந்திரத்திலும் வந்திருப்பதைக் காணலாம்.

தொடக்கத்தில் பண்ணை முற்றத்துச் சாணைக்கல்லே பயன்பட்டது. ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, மற்றவர் கத்தியைப் பிடிப்பார். பின்னர் இதற்கெனச் சிறிய சாணை இயந்திரங்கள் வந்தன. அவற்றின் சக்கரம் இருபுறமும் சரிந்து நடுவில் மேடாக இருக்கும். அடுத்தடுத்த இரு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அது பொருந்தி, இரு விளிம்புகளையும் ஒரே நேரத்தில் தீட்டும். எட்வர்ட் அச்சசன் 1891இல் உருவாக்கிய கார்போரண்டம் என்னும் செயற்கைத் தேய்பொருள், இயற்கைக் கல்லைவிட விரைவாக எஃகைத் தேய்த்ததால் இத்தகைய சக்கரங்களுக்கு ஏற்றதாயிற்று. ஒரு கத்தி ஓடும்போது மற்றொன்றைச் சாணை பிடித்து வைக்க, இயந்திரம் ஒன்றுக்கு இரு கத்திகள் வைத்துக்கொள்வது நல்ல உழவரின் பழக்கம்.

விரல்களை நேராக்குதல்

எல்லாப் பற்களும் கூராக இருந்தும் இயந்திரம் தாளை அறுக்காமல் மென்று துப்பினால் பழுது விரல்களில் இருக்கும். விரல் ஒன்று வளைந்தால் அதன் உள்தகடு பல்லுக்கு நெருக்கமாக நிற்காது. தாள் இடையில் மடங்கிச் சிக்கும். விரல்களின் நுனிகளை ஒட்டி நூல் பிடித்துப் பார்த்து, வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நேராக்குவர். பல் மேலெழாமல் தடுக்கும் அழுத்துபிடிகளையும் அவ்வாறே தட்டித் தாழ்த்துவர். கத்தி கையால் தள்ளினால் தடையின்றி ஓட வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்கு அளவுகோலைவிடக் கைப்பழக்கமே துணை.

செப்பனிடும் உரிமை யாரிடம்?

தொடக்க கால இயந்திரங்களின் உதிரிப் பாகம் ஒன்றைப் பொருத்த அரம் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் ஆலைகளில் அளவுகள் சீரானபோது, கடையில் வாங்கிய பல் அப்படியே பொருந்தியது. பல்லும் ரிவெட்டும் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களிலும் கிடைத்தன. குதிரை இழுத்த இயந்திரங்களில் வார்ப்பிரும்புக் கருவிப்பெட்டி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. பெயர் பொறித்த அதன் மூடிகளைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர். உழவரே செப்பனிடுவார் என்று எதிர்பார்த்து இயந்திரம் செய்யப்பட்டதற்கு அப்பெட்டி ஒரு சான்று.

அறுப்பு, கதிரடிப்பு இரண்டையும் செய்யும் கூட்டு அறுவடை இயந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டில் பரவின. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மாஸி ஹாரிஸ் நிறுவனத்தின் தானியங்கி இயந்திரங்கள் தெற்கிலிருந்து வடக்காக அமெரிக்கக் கோதுமை வயல்களை அறுத்துச் சென்றன. இவ்வாறு ஊர் ஊராகச் செல்லும் குழுக்களுக்கு உதிரிப் பற்களும் கருவிகளும் உடன் செல்வது இன்றியமையாதது. பின்னாளில் பல இயந்திரங்களில் ரிவெட்டுக்குப் பதில் போல்ட்டும் நட்டும் வந்தன. சுத்தியலின் இடத்தை இரண்டு ஸ்பேனர்கள் பிடித்தன.

தமிழகத்திலும் இன்று நெல் அறுவடையில் பெரும்பங்கு இத்தகைய இயந்திரங்களுக்கு உரியது. காவிரிப் படுகையில் தை, மாசி மாதங்களில் டயர் வண்டிகளும் பெல்ட் வண்டிகளும் மணிக் கணக்கு வாடகைக்கு ஓடுகின்றன. பல்லின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான். சாய்ந்த பயிரை எடுக்கக் கத்தியைத் தாழ்த்தும்போது வரப்போரக் கல்லோ வேலிக் கம்பியோ மாட்டிப் பல் உடைகிறது. பழகிய ஓட்டுநர் அதை வயலிலேயே மாற்றிவிடுகிறார். அப்போது எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்வது முதல் விதி. கடின எஃகை அடிக்கும்போது சில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது இரண்டாவது விதி.

புதிய இயந்திரங்களின் மின்னணுப் பகுதிகளில் வரும் பழுதை நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் கண்டறிய முடியாத நிலை பல நாடுகளில் வழக்காகவும் சட்டமாகவும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் வேளாண் கருவிகளைச் செப்பனிடும் உரிமையை உழவருக்கு உறுதிசெய்யும் சட்டத்தை 2023இல் இயற்றியது. அது 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்விவாதத்தில் கேட்கப்படுவது புதிதொன்றும் அல்ல: கருவியும் உதிரிப் பாகமும் செய்முறை விளக்கமும் உழவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே. கத்தியைப் பொறுத்தவரை அவை மூன்றும் நூறாண்டுகளுக்கு முன்பே அவர் கையில் இருந்தன. கணினி பொருத்திய இயந்திரத்திலும் முன்னால் ஓடும் கத்தியின் பல் உடைந்தால், இன்றும் ஒரு சுத்தியலோ இரண்டு ஸ்பேனர்களோ வைத்திருப்பவர் அதை மாற்றிவிடலாம்.