மலையேறிய சக்கரங்கள் – 11: பெட்டியில் வந்த ஜீப்பு

முகம்மது எங்கே போனார் என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கராச்சிக்குப் போனார்.

1945 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியபோது அந்தக் கம்பெனியின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற அண்ணன் தம்பியோடு பங்காளியாகச் சேர்ந்தவர் குலாம் முகம்மது. இரும்பு, எஃகு வியாபாரம். இரண்டு வருடம் முழுசாக ஓடுவதற்குள் தேசம் இரண்டாகிவிட்டது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1951-ல் அந்த நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-ல் கம்பெனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. எம் அண்ட் எம் என்று அச்சடித்து வைத்திருந்த தாள்கள் வீணாகக் கூடாது என்றுதான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, வியாபாரக் குடும்பத்துக்குப் பொருத்தமான கதை.

அதே பிரிவினை நீலகிரிக்கும் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது. ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் அதுவரை குவெட்டாவில் இருந்தது. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போக, இந்தியாவின் பங்கு குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் வந்து இறங்கியது. வெலிங்டன் ஏற்கெனவே பட்டாளத்து ஊர். பட்டாளம் இருக்கும் இடத்தில் ஜீப்பு இல்லாமல் இருக்குமா?

பங்காளி ஒரு நாட்டுக்கும் பலகை இன்னொரு நாட்டுக்கும் போனபின், அந்தப் பலகையின் கீழ் வந்து இறங்கிய ஜீப்பு எந்த நாட்டு வண்டி? இந்தக் கேள்விக்கு டெல்லி ஒரு பதில் சொன்னது, வாஷிங்டன் ஒரு பதில் சொன்னது. குன்னூரில் கேட்டால் மூன்றாவது பதில் கிடைக்கும்.

*

முதலில் வண்டியின் ஜாதகம்.

அமெரிக்காவின் பிள்ளை என்று உலகமே ஒத்துக்கொண்ட வண்டி இது. ஆனால் பிரசவம் பார்த்த வீடு வேறு. 1940-ல் அமெரிக்க ராணுவம் இலேசான நாலு சக்கர இழுவை வண்டி ஒன்று அவசரமாக வேண்டும் என்றது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சின்ன ஊரில் அமெரிக்கன் பாண்டம் என்ற இன்னும் சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் படம் வரைந்து கொடுக்க, 49 நாள் கெடுவுக்குள், செப்டம்பர் 23-ஆம் தேதி, வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ராணுவத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த பாண்டம் கம்பெனியின் பூர்வீகத்தைத் தோண்டினால் இங்கிலாந்து வருகிறது. ஆஸ்டின் செவன் என்ற குட்டி ஆங்கிலேயக் காரை அமெரிக்காவில் உரிமம் வாங்கிச் செய்வதற்காக ‘அமெரிக்கன் ஆஸ்டின்’ என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. நொடித்துப்போய், பெயர் மாற்றி, பாண்டம் ஆனது.

ராணுவத்துக்கு வண்டி பிடித்தது, கம்பெனியைப் பிடிக்கவில்லை. இவ்வளவு சின்ன ஆள் எப்படி ஆயிரக்கணக்கில் செய்து தருவான் என்று, பாண்டத்தின் படங்களை எடுத்து வில்லிஸ் ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் அந்த இருவரும் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். பாண்டத்தின் பங்கு மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. போகட்டும். ஆனால் வில்லிஸ், ஜீப்பைப் படைத்தது நாங்கள்தான் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குறுக்கே வந்தது. அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1948-ல் உத்தரவு போட்டது. வில்லிஸ் அசரவில்லை, 1950-ல் ‘ஜீப்’ என்ற பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது.

இந்த 1948 உத்தரவை முந்தியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருடம் கழித்து வேண்டியிருக்கும்.

*

யுத்த காலத்தில் கே.சி. மஹிந்திரா வாஷிங்டனில் இருந்தார், இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைவராக. அங்கேதான் வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். 1947-ல் முதல் தவணையாக 75 வண்டிகள் வந்தன. வண்டிகள் என்றா சொன்னேன்? பெட்டிகள். எல்லாம் பிரித்து அடைத்து, கப்பலில் வந்தவை. 1949-ல் பம்பாய் மஸகானில் பெட்டியைத் திறந்து பூட்டும் வேலை தொடங்கியது.

பெட்டியைத் திறந்து போல்ட் முடுக்கினால் அது இந்திய வண்டியா?

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கேள்விக்கு சுங்கம்தான் விடை சொல்லும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் செய்த பொருளுக்கு வரிச் சலுகை உண்டு. அதனால் இந்தியாவில் ஃபோர்டு வியாபாரத்தை நடத்தியது டெட்ராய்ட் நேரடியாக அல்ல. கனடாவின் ஃபோர்டு கம்பெனி. 1926-ல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு அதன் கிளைதான். தேயிலைத் தோட்டத் துரை ஓட்டிய அமெரிக்கக் கார், சுங்கத்துக் கணக்கில் கனடாக்காரன்.

சுதந்திர இந்தியா இந்தச் சால்ஜாப்பை ஏற்கவில்லை. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு சிபாரிசு செய்தது; அரசு ஏற்றுக்கொண்டது. வெறுமனே பூட்டி விற்கிறவர்களுக்கு இனி இடமில்லை. இங்கேயே செய்வதற்குத் திட்டம் கொடு, இல்லை நடையைக் கட்டு. பம்பாயில் 1928-லிருந்து கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நடையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. மற்றவர்களுக்கு விதி இதுதான்: வருடா வருடம் கப்பலில் வரும் பெட்டி இளைக்க வேண்டும். இந்த வருடம் ஸ்ப்ரிங் இங்கே செய்தாயா, அடுத்த வருடம் கியர் பாக்ஸ், அதற்கடுத்து இன்ஜின். பெட்டி காலியாகிற அன்று வண்டி முழு இந்தியன்.

எனக்குத் தெரிந்து ஒரு காரின் தேசத்தை நிர்ணயிப்பதற்கு இவ்வளவு நேர்மையான அளவுகோலை வேறு எவரும் வைத்ததில்லை. அதில் ஒரு குறையும் உண்டு. எடையைப் பார்த்தார்கள், மூளையைப் பார்க்கவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டையே பாருங்கள். உருவம் வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலிக்காரர், பெயர் இங்கிலாந்துடையது, முடுக்கியது தமிழ்நாட்டுக் கை. நாலு கதவு ஹெரால்டு என்பது இங்கே மட்டுமே உண்டு. அந்தத் தொழிற்சாலையின் கதை தனித் தொடருக்கு உரிய சோகம், இப்போது வேண்டாம்.

ஜீப்பும் இளைத்த பெட்டிக் கணக்கில் தேறியது. 1954-லிருந்து வில்லிஸின் ஒத்துழைப்போடு இங்கேயே படிப்படியாகச் செய்ய ஆரம்பித்தார்கள். பெட்டி காலியானது. ஆனாலும் ஒன்று மட்டும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது: ஸ்டீயரிங்.

*

பழைய சினிமாவில் போலீஸ் ஜீப்பைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். பின்னால் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதியிருக்கும். சாலையின் இடது பக்கம் போகிற நாட்டில், வலது பக்கம் போகிற நாட்டுக்காகப் பிறந்த வண்டி. இந்தியனாகி வெகுகாலம் ஆனபிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை.

சமவெளியில் இது தொல்லை. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து ‘வரலாம் வரலாம்’ என்று சொல்ல வேண்டும். மலையில் கதை வேறு. தோட்டத்து மண் பாதையில் முந்துவதற்கு என்ன இருக்கிறது? இடது ஓரத்தில் சக்கரம் பள்ளத்துக்கு எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. தலையை வெளியே நீட்டினால் டிரைவருக்கு அது தெரிந்துவிடும்.

குன்னூரில் ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு ஜீப்பைப் பார்த்தேன். பின்பக்கப் பட்டை ஸ்ப்ரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை, கொழுந்து மூட்டையின் பாரத்துக்காகக் கோயமுத்தூரில் அடித்து வாங்கியது. தரைத் தகடு மேட்டுப்பாளையத்தில் வெல்டிங் வைத்தது. டீசல் இன்ஜின், பிரான்ஸின் பெஜோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி மஹிந்திரா செய்தது. மெக்கானிக்குகளுக்கு அது இன்றைக்கும் ‘பெஜோ இன்ஜின்’தான். முகம் மட்டும் 1953-ல் வில்லிஸ் வரைந்த அதே உயர்ந்த நெற்றி.

“இது எந்த நாட்டு வண்டிண்ணே?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “எஃப்.சி. கிடைச்சா நம்ம நாட்டு வண்டி சார். கிடைக்கலன்னா பழைய இரும்பு.”

டாரிஃப் கமிஷன் பல பக்கங்களில் சொன்னதைவிட இது தெளிவு. உதிரி சாமான் எந்த ஊரில் கிடைக்கிறது, அதைப் பூட்டத் தெரிந்தவன் எங்கே இருக்கிறான், எந்த ஆபீஸ் முத்திரை குத்துகிறது: வண்டியின் ஊர் அதுதான். மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. பிற்பாடு அதே வகையைத் திருச்சி பொன்மலையில் புதிதாகவே செய்தார்கள். அதை யாராவது சுவிஸ் ரயில் என்கிறார்களா? கல்லட்டி இறக்கத்தில் இன்னும் கறார். 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகளுக்குப் பிறகு, டிஎன் 43 என்று எண் இருந்தால்தான் இறங்கவிடுவார்கள். ஜெர்மன் காரா, ஜப்பான் காரா என்று அந்த செக்போஸ்டில் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை மனிதர்கள்மேல் போட்டுப் பார்த்த மலையும் இதுதான். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தொடங்கியதுதான் இன்றைய டான்டீ, தலைமையகம் குன்னூர். அங்கே இருந்தவரை அவர்களுக்கு ‘இந்தியாக்காரர்கள்’ என்று பெயர். இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்கள்’. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் ஏறிப்போகும் ஜீப்பின் பூர்வீகத்தை இவ்வளவு அக்கறையாக ஆராய்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்கூட உண்டு. வண்டிக்கு எந்த நாடு என்று தெரியாவிட்டால் வண்டிக்கு நஷ்டமில்லை.

*

இனி வாஷிங்டன்.

வில்லிஸ் 1953-லேயே கைசர் கம்பெனியிடம் விலை போனது. 1970-ல் ஜீப் பெயர் அமெரிக்கன் மோட்டார்ஸுக்குப் போனது. அதில் பிரான்ஸின் ரெனோ பெரும் பங்கு வாங்கியது. 1987-ல் கிரைஸ்லர். 1998-ல் கிரைஸ்லரே ஜெர்மனியின் டைம்லரோடு இணைந்தது. பிறகு இத்தாலியின் ஃபியட். கடைசியில் உரிமையாளர் கம்பெனி நெதர்லாந்தில் பதிவானது. 2017-ல், ஜீப் காம்பஸ் என்ற வண்டியைப் புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்க ஜீப், மராட்டிய மண்ணில்.

மஹிந்திரா எதிர்த் திசையில் கிளம்பியது. மிச்சிகன் மாநிலம், ஆபர்ன் ஹில்ஸ். கிரைஸ்லரின் தலைமையகம் இருக்கும் அதே ஊரில் ஒரு தொழிற்சாலை. 2018 மார்ச்சில் ‘ராக்ஸர்’ என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. தோட்டத்துக்கும் பண்ணைக்கும், சாலையில் ஓட்டுவதற்கல்ல. தட்டையான பக்கவாட்டு, பெட்டி போன்ற உடம்பு. நம் குன்னூர்ப் பட்டறை வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாகங்கள் இந்தியாவிலிருந்து, பிரித்து அடைத்து, கப்பலில் பெட்டியாக வந்தன. அமெரிக்கத் தொழிலாளி திறந்து முடுக்கினார். 1947 அப்படியே தலைகீழாக.

2018 ஆகஸ்ட். கிரைஸ்லர்காரர்கள் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள்: இது எங்கள் ஜீப்பின் நகல், உள்ளே விடாதே. ஏன் அந்த ஆணையம்? அது வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கை விசாரிக்கும் இடம். மிச்சிகனில் பூட்டிய வண்டி அமெரிக்க வண்டியென்றால் அங்கே வழக்கே நிற்காது. பெட்டி இந்தியாவிலிருந்து வந்தது. எனவே அது இந்திய வண்டி. டெல்லி 1953-ல் பிடித்த அதே தராசு, இப்போது வாஷிங்டன் கையில்.

ஜீப்பைப் படைத்தது நாங்கள் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1948-ல் உத்தரவு வாங்கிய கம்பெனியின் வாரிசு, அந்த முகம் எங்கள் சொத்து என்கிறது. அந்த முகத்தை உரிமம் வாங்கிப் பல பத்தாண்டுகள் செய்து விற்றவர்கள் எதிரே நிற்கிறார்கள்.

மஹிந்திராவின் வக்கீல்கள் 1948-ஐ நம்பி இருக்கவில்லை. அவர்கள் கையில் வேறொரு காகிதம் இருந்தது. 2009-ல் மஹிந்திரா தன் ஸ்கார்பியோவோடு அமெரிக்காவுக்குள் வரப் பார்த்தபோது எழுதியது. கீழே கிரைஸ்லரின் கையெழுத்து. விஷயம், வண்டியின் முன்பக்கக் கிரில்.

கிரைஸ்லர் அதில் எதை விட்டுக்கொடுத்திருந்தது? நீதிபதி கிரிலை ஒதுக்கிவிட்டு உடம்பைப் பார்க்க ஆரம்பித்தால் ராக்ஸரின் கதி என்ன?

(தொடரும்)