இடம் காலியென அறிவிப்பவர் யார்? பினாங்கு, பேராக் சபாநாயகர்களின் வரலாறு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்துள்ள பாகான் டாலாம், தமிழர் கணிசமாக வாழும் சட்டமன்றத் தொகுதி. 2008 முதல் ஜனநாயக செயல் கட்சியின் தமிழ் வேட்பாளர்களே அங்கு வென்று வருகின்றனர். ஜார்ஜ்டவுன் லைட் தெருவிலுள்ள பினாங்குச் சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களுள் ஒருவரான அத்தொகுதியின் பிரதிநிதி, எதிர்க்கட்சியினருக்குப் பதில் சொல்லும்போதும் சபாநாயகரையே விளித்துப் பேசுகிறார். பேச அனுமதிப்பதும், ஒழுங்குமீறியவரை வெளியேற்றுவதும், தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவதும் சபாநாயகரின் பணிகள்.

அந்நியர் ஆட்சியில் அவைத்தலைமை அவைக்கு உரியதாக இருக்கவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைக் கொண்ட நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் தனி முடியரசுக் குடியேற்றமானபோது, அதன் சட்டமியற்றும் மன்றத்துக்கு ஆளுநரே தலைமை தாங்கினார். ஆள்பவரும் அவையை நடத்துபவரும் ஒருவரேயானதால், அரசின் செயலை மன்றம் தட்டிக்கேட்பதற்கு இடம் மிகக் குறைவு. பினாங்கு பின்னர் இணைந்த மலாயாக் கூட்டரசின் சட்டமன்றத்திலும் 1953 வரை பிரிட்டிஷ் உயர் ஆணையரே தலைமை வகித்தார். அவ்வாண்டில்தான் டத்தோ மாமுட் பின் மாட் முதல் சபாநாயகரானார். அவைத்தலைமை ஆட்சியாளரிடமிருந்து பிரிந்த இந்த மாற்றம், தேர்தல் அறிமுகமானதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

ஆயினும், சபாநாயகரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்ற கேள்வி விடை கிடைக்காமலே நின்று, 2009இல் அண்டை மாநிலமான பேராக்கில் வெடித்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில், ஜனநாயக செயல் கட்சி இடம்பெற்ற மக்கள் கூட்டணி 59 இடங்களில் 31ஐ வென்று ஆட்சியமைத்தபோது, திரோனோ தொகுதி உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009 தொடக்கத்தில் ஆளுங்கூட்டணியினர் மூவர் விலகி, எதிரணியான தேசிய முன்னணியை ஆதரிப்பதாக அறிவித்தனர். அவர்களுள் ஒருவரான ஜெலாப்பாங் உறுப்பினர் துணைச் சபாநாயகராகவும் இருந்தவர். அவர்கள் முன்கூட்டியே கையொப்பமிட்டுத் தந்திருந்த தேதியிடாத பதவி விலகல் கடிதங்களைக் கொண்டு சிவகுமார் அவ்விடங்கள் காலியென அறிவிக்க, தேர்தல் ஆணையம் அதனை ஏற்க மறுத்தது. ஓர் இடம் காலியானதா எனத் தீர்மானிப்பது ஆணையமே, சபாநாயகர் அல்லர் எனக் கூட்டரசு நீதிமன்றம் ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, அவைக் கட்டடம் பூட்டப்பட்டதால் மார்ச் 3ஆம் தேதி சிவகுமார் ஈப்போவில் ஒரு மரத்தடியில் அவையைக் கூட்டினார். மே 7ஆம் தேதி பெருங்கூச்சலுக்கு நடுவே, ஆட்சியைப் பிடித்திருந்த தேசிய முன்னணியினர் மலேசிய இந்தியக் காங்கிரசின் ஆர். கணேசனைப் புதிய சபாநாயகராகத் தேர்ந்தெடுக்க, சபாநாயகருக்குரிய அங்கியணிந்து இருக்கையைவிட்டு எழ மறுத்த சிவகுமாரை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்துச் சென்றனர். நீக்கப்பட்டவரும் அவரிடத்தில் வந்தவரும் இந்திய வம்சாவளியினரே. ஆனால் அன்று காயப்பட்டது அவ்விருவருக்கும் பொதுவான அந்தப் பதவியின் மாண்பு.

தேதியிடாத கடிதங்களை நம்பியது பேராக்கின் பலவீனம் என்றே கொள்ள வேண்டும். பினாங்கோ 2012இல் தன் மாநில அரசமைப்பில் 14ஏ பிரிவைச் சேர்த்து, கட்சியிலிருந்து விலகும் அல்லது விலக்கப்படும் உறுப்பினர் தம் இடத்தை இழப்பார் எனச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 1992இல் கிளந்தான் மாநிலத்தின் இத்தகைய விதியை உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்திருந்ததால், பினாங்கின் பிரிவும் வழக்கைச் சந்தித்தது; 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின், 2023 மார்ச்சில், சபாநாயகர் லாவ் சூ கியாங் தலைமையிலான அவை நால்வரின் இடங்கள் காலியானதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2022 அக்டோபரில், நாடாளுமன்ற உறுப்பினர் கட்சித்தாவுவதைத் தடுக்கும் 49ஏ பிரிவு கூட்டரசு அரசமைப்பில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த 21 நாள்களுக்குள் இடம் காலியானதை உறுதிசெய்து தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் மக்களவைச் சபாநாயகரே. சிவகுமாருக்கு மறுக்கப்பட்ட அதிகாரம், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டத்தில் சபாநாயகரின் கடமையாக இடம்பெற்றது.